உள்ளங்கைச் சூடு

என் அக்காவின் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் மூளைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு மூளை அதிகம் என்று யாரோ கண்டுபிடித்து வைத்த பெயர் இல்லை அது. வாரத்தில் இரண்டு நாள், விடிவதற்குள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆடு அறுக்கும் கூடத்துக்குப் போவார். அப்போதுதான் அறுத்த ஆடுகளின் மூளை எட்டு வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, பின்சீட்டில் கட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு விரட்டுவார். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. ஒருமுறை போக்குவரத்துப் போலீஸ்காரர் மடக்கி, பெட்டியில் என்ன என்று கேட்டபோது, பேசாமல் திறந்து காட்டியிருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் போலீஸ்காரர் இவர் வண்டியைக் கண்டால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்.

சம்பந்தம் பேசிய தூரத்து உறவுக்காரர், மாப்பிள்ளைக்கு மூளை ஆராய்ச்சியில் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டு நைசாக நழுவிவிட்டார். டாக்டர் மாப்பிள்ளை என்று அப்பா ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். கல்யாணமான மூன்றாம் நாள் புது மாப்பிள்ளை குழாயடியில் உட்கார்ந்து ரத்தக்கறை படிந்த பெட்டியைத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்த அக்கா, அன்று முழுக்கக் குழாயடிப் பக்கமே போகவில்லை. மறுநாள் ஒரு பழைய பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்து, மூலை முடுக்கெல்லாம் சரியாகத் தேய்க்கச் சொன்னாள். அதுதான் அவர்கள் குடித்தனத்தின் ஆரம்பம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் குளிர்பதன மெக்கானிக். கடைகளின் பெரிய ஃப்ரிட்ஜ், பால் பண்ணையின் குளிர் அறை, மருந்துக் கிடங்கு என்று ஊர் முழுக்க என் கைபட்ட கம்ப்ரஸர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. இருபது வருட அனுபவத்தில் நான் கண்ட உண்மை ஒன்றே ஒன்று. மெஷின் கெட்டுப்போச்சு என்று பத்துப் பேர் கூப்பிட்டால், ஒன்பது இடத்தில் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். யாரோ கதவைச் சாத்தாமல் போயிருப்பார்கள். அவர்களே நம்மைக் கூப்பிட்டு, நம்மிடமே நீட்டி முழக்குவார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது.

மாமா மூளையை எதற்கு வாங்கிப் போகிறார் என்று எனக்கு விளங்கியது அக்காவின் தையல் மேஜையில்தான். அக்கா ஆஸ்பத்திரிச் சீருடை தைப்பவள். மேஜைமேல் பிரஸ் பட்டன் டப்பா எப்போதும் திறந்து கிடக்கும். ஒரு நாள் மாமா அதிலிருந்து இரண்டிரண்டாகச் சேர்த்து ஒட்டிய பட்டன்களை எடுத்து, ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் மேடு என்று காட்டினார். மூளை செல்லுக்குள் டூபுலின் என்று ஒரு புரதம் இப்படித்தான் ஜோடி ஜோடியாக மிதந்துகொண்டிருக்குமாம். ஒரு ஜோடியின் மேட்டில் அடுத்த ஜோடியின் குழி வந்து உட்காரும். அப்படியே நீளமாக வரிசை சேரும். பதின்மூன்று வரிசை பக்கத்தில் பக்கத்தில் நின்று வட்டமாக மூடிக்கொண்டால் ஒரு குழாய். நுண்குழல் என்று அதற்குப் பெயர்.

மூளை செல்லுக்கு ஒரு நீளமான கை உண்டு. சிலதில் அந்தக் கை முதுகுத்தண்டில் இறங்கி இடுப்பு வரைக்கும்கூடப் போகுமாம். அந்தக் கைக்குள்ளே இந்தக் குழாய்கள்தான் தண்டவாளம். செல்லின் நடுவில் தயாராகிற சரக்கெல்லாம் இதன்மேல் ஏறித்தான் கடைசி முனை வரைக்கும் போய்ச் சேர வேண்டும். குழாயின் ஒரு முனை வேகமாக வளரும், மறுமுனை மந்தம். அந்த நீளமான கைக்குள் வேகமான முனையெல்லாம் வெளிப்பக்கம் பார்த்தே நிற்கும். ஒன்றுகூடத் திரும்பி நிற்காது என்றார் மாமா. எங்கள் தெருவில் வண்டி நிறுத்துகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை, இந்தக் குழாய்கள் ஒரு இடத்தில் நிலையாக இருப்பதில்லை. வளரும், வளரும், திடீரென்று முனையிலிருந்து பொலபொலவென்று உதிரும், மறுபடி வளரும். வளர்வதற்கு எரிபொருள் மாதிரி ஒன்று வேண்டும். உடம்புச் சூடும் வேண்டும். முப்பத்தேழு டிகிரியில் வைத்தால் ஜோடிகள் சேர்ந்து குழாயாகிவிடும். ஐஸில் வைத்தால் அத்தனையும் பிரிந்து தனித்தனி ஜோடியாகிவிடும். மாமா மூளையிலிருந்து டூபுலினைப் பிரித்தெடுப்பதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். குளிர வைத்து அரைப்பார், வேகமாகச் சுழற்றி அழுக்கை அடியில் தள்ளுவார். மேலே நிற்கும் தெளிவைச் சூடு பண்ணுவார், குழாய் கட்டும். மறுபடி சுழற்றினால் இந்தமுறை குழாய்கள் அடியில் தங்கும். அதை ஐஸில் கரைத்து இன்னொரு சுற்று. இப்படிக் காலை முதல் சாயங்காலம் வரை சூடும் குளிருமாக மாற்றி மாற்றி, எட்டு மூளையிலிருந்து கடைசியில் மிஞ்சுவது நாலு ஸ்பூன்.

அந்த நாலு ஸ்பூனைக் கட்டைவிரல் அளவுக் குப்பிகளில் பங்கு போட்டு, உறைய வைத்து, பேர் எழுதி அடுக்குவார். அடுக்கும் முன் ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒரு சொட்டைச் சோதித்துவிடுவார். அதற்கு ஒரு கருவி உண்டு. குழாய்கள் கட்டக் கட்டத் திரவம் கலங்கும், உள்ளே விடும் வெளிச்சம் தடைபடும், திரையில் கோடு மேலே ஏறும். பத்து நிமிடத்தில் கோடு மளமளவென்று ஏறினால்தான் மாமாவுக்குச் சோறு இறங்கும். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கோடு அவரை ஒருமுறைகூடக் கைவிட்டதில்லை.

எட்டு மாதத்துக்கு முன் ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய தலைவர் ஓய்வு பெற்றுப் போனார். வாயைத் திறக்காத மனுஷன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். அவர் இடத்துக்கு ஒரு அம்மா வந்தார். கூடத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். மூளை செல்லுக்குள் பழைய குழாயின் பக்கவாட்டில் புதுக் குழாய் கிளம்ப உதவுகிற ஒரு புரதத்தை வருடக்கணக்காகத் துரத்திக்கொண்டிருக்கிறார். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. பேசும்போது கையில் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். வந்த புதிதில் சாக்பீஸ். கருவிகளுக்குச் சாக்பீஸ் தூள் ஆகாது என்று மூன்று மாதத்துக்கு முன் கரும்பலகையையே கழற்றிவிட்டார்கள்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் மாமாவின் சரக்குப் படுத்தது. காலையில் மாமா சோதித்தால் கோடு ஏறும். அதே தயாரிப்பிலிருந்து ஒரு குப்பியை மேடத்தின் பரிசோதனைக்கு எடுத்தால் கோடு படுத்தே கிடக்கும். ஒருமுறை என்றால் போகட்டும். மூன்று தடவை வரிசையாக அப்படி ஆயிற்று. மூன்றாவது தடவை மேடம், மூளை பழசு என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆடு அறுக்கும் கூடத்தின் மேனேஜருக்கு ஒரு புகார்க் கடிதமும் போய்விட்டது. அங்கே மாமாவுக்குப் பத்தொன்பது வருடச் சிநேகிதர் ஒருவர் உண்டு. கத்திக்காரர் என்று கூப்பிடுவோம். மாமாவுக்காகவே முதல் எட்டு ஆட்டை ஒதுக்கி, அறுத்த ஐந்து நிமிடத்தில் மூளையை எடுத்து, சவ்வு கிழியாமல் ஐஸில் வைத்துக் கொடுப்பவர். அதற்காகக் காலணா கூடுதலாக வாங்கியவர் இல்லை. கடிதத்தைப் பார்த்த மேனேஜர் அவரைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் திட்டிக் கிழித்துவிட்டார். அடுத்த முறை மாமா போனபோது கத்திக்காரர் பேசவில்லை. மூளையை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இதற்கு நடுவில் ஆபீஸிலிருந்து மாமாவுக்கே ஒரு காகிதம் வந்தது. அடுத்த மாதம் பெரிய கமிட்டி வருகிறது, மேடத்தின் ஆராய்ச்சிக்குப் பண உதவி தொடரலாமா என்று பார்க்க. அவர்கள் முன்னால் கோடு ஏற வேண்டும். ஏறாவிட்டால் இனிமேல் டூபுலினைக் கம்பெனியிலிருந்து தூளாக வாங்கிக்கொள்வார்கள். மாமா வாசலில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளலாம். சம்பளம் அதேதான். அக்கா அதைப் பெரிதாக நினைக்கவில்லை, விடியலில் எழுந்திருக்க வேண்டாமே என்றாள். மாமா தட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என்னிடம் தனியாக வந்து சொன்னது ஒரே ஒரு வரி.

"வாசல்ல உட்காருறது பெரிசில்ல மாப்ள. மூளை பழசுன்னு பேர் வாங்கிட்டுப் போய் உட்காரணுமே."

அதற்கப்புறம் அவர் யாரைத்தான் சந்தேகப்படவில்லை. ஐஸ் போடுகிறவரைச் சந்தேகப்பட்டார். தண்ணீரைச் சந்தேகப்பட்டார். குப்பி கழுவும் சோப்பை முகர்ந்து பார்த்தார். புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி வாசனைத் தைலம் பூசிக்கொள்வதால் இருக்குமோ என்றுகூட யோசித்தார். கடைசியில் என் தலையிலேயே கைவைத்தார். ஃப்ரீசர் சரியில்லை என்றார்.

அந்த ஃப்ரீசரைப் பராமரிப்பது நான். எனக்கு வந்த கோபத்தில் மாமா என்றும் பார்க்கவில்லை. இரண்டு நாள் அங்கேயே டேரா போட்டு, கதவு ரப்பர் முதல் கம்ப்ரஸர் வரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். ஃப்ரீசர் மைனஸ் எண்பது, குளிர் அறை நாலு, இம்மி பிசகவில்லை. உங்க ஆளுங்கதான் கதவைச் சாத்தாமப் போறாங்க என்றேன். அவர் உன் ஃப்ரீசர்தான் என்றார். அக்கா நடுவில் புகுந்து இரண்டு பேருக்கும் டீ கொடுத்து வாயை அடைத்தாள்.

டீயைக் குடிக்கும்போதுதான் எனக்கு என் பட்டன்கள் ஞாபகத்துக்கு வந்தன. அக்காவின் பட்டன் இல்லை. கதவைச் சாத்தாத கடைக்காரர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க நான் வைத்திருக்கும் ஆயுதம் அது. சட்டைப் பட்டன் அளவில் ஒரு சாமான். ஃப்ரிட்ஜுக்குள் போட்டுவிட்டால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை சூடு எத்தனை என்று தானே குறித்துக்கொள்ளும். சாயங்காலம் எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டால், எத்தனை மணிக்குக் கதவு திறந்தது என்பது கோடாக வந்துவிடும். எத்தனையோ பேர் அந்தக் கோட்டைப் பார்த்ததும் முகம் சுண்டி, பில்லைப் பேசாமல் கட்டியிருக்கிறார்கள்.

அறையில் வைத்துப் பயனில்லை, குப்பியிலேயே ஒட்டு என்று மாமா சொன்னார். ஒட்டினோம், மூடிக்கு மேலே. மேடம் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டாராம். புது மாதிரி மூடி மேடம் என்று மாமா கண்ணைச் சிமிட்டாமல் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று இத்தனை வருடம் நம்பியிருந்த அக்கா, அதைக் கேட்டு ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கும் பரிசோதனை படுத்தது. சாயங்காலம் தையல் மேஜையில் கோட்டை விரித்தோம். காலை ஒன்பதரை முதல் பத்து நாற்பது வரை பூஜ்யத்தில் சமர்த்தாக ஓடிய கோடு, பத்து நாற்பதுக்கு விறுவிறுவென்று ஏறி முப்பத்தொன்றில் போய் நின்றது. கால் மணி நேரம் அங்கேயே. பிறகு சர்ரென்று இறங்கி மறுபடி பூஜ்யம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மேடு. அப்புறம் இன்னொன்று. மொத்தம் மூன்று மேடு.

மாமா விரலை முதல் மேட்டின்மேல் வைத்துக்கொண்டு யோசித்தார். பத்து நாற்பதுக்குக் கூடத்தில் எந்த அடுப்பும் எரியவில்லை, எந்தக் கருவியும் சூடாகவில்லை. மாணவர்களை நிற்க வைத்து மேடம் விளக்கிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, விளக்கும்போது கையில் என்ன வைத்திருந்தார் என்று கேட்டாள். மாமா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

எல்லாம் துலங்கிவிட்டது. சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டதும் அந்தக் கைக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. பக்கத்தில் ஐஸில் இருந்தது மாமாவின் குப்பி. அதை எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, ஆட்டி ஆட்டி, மூளை செல்லுக்குள் குழாய் எப்படிக் கட்டுகிறது என்று மேடம் சொற்பொழிவு செய்துகொண்டிருக்கும்போதே, அவர் கைக்குள் அது நிஜமாகவே கட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஞாபகம் வந்து ஐஸில் வைத்ததும் உதிர்ந்திருக்கிறது. இன்னொரு கேள்வி வந்தால் மறுபடி கை, மறுபடி கட்டல். மூன்று சுற்றில் எரிபொருள் தீர்ந்து, பாதிப் புரதம் கெட்டுத் திரண்டு, கருவிக்குள் போகும்போது அதற்கு எழுந்திருக்கவே தெம்பு இல்லை. நான் சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்தது. இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருக்கும் கதவு கடைசியில் ஒரு பேராசிரியரின் கையாக இருந்தது.

மாமா சிரிக்கவில்லை. இதை அவரிடம் யார் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. கமிட்டி வர ஒன்பது நாள்தான் இருந்தது. மூளை வாங்கி வருகிறவர் போய், உங்கள் கைதான் காரணம் என்று குழாய் கட்டுவதைப் பற்றிப் புத்தகமே எழுதியவரிடம் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு முறை அறை வாசல் வரைக்கும் போய், ஐஸ் தீர்ந்துவிட்டது மேடம் என்று எதையோ உளறிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

வழி சொன்னது அக்கா. அவளிடம் அளவு கொடுக்க வருகிறவர்களில் சிலர் கத்தரிக்கோலை எடுத்து ஆட்டிக்கொண்டே பேசுவார்களாம். கீழே வை என்றால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் வந்ததும் இஞ்ச் டேப்பை அவர்கள் கையில் கொடுத்துவிடுவாளாம்.

"கையைத் தடுக்க முடியாது. கையில வேற ஒண்ணைக் குடுங்க."

ஆக, கமிட்டிக்கு இரண்டு குப்பி தயாராயிற்று. ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி எழுத்து. ஒன்றில் டூபுலின். இன்னொன்றில் வெறும் தண்ணீர், அடியில் மட்டும் சிவப்பு மையில் ஒரு பொட்டு. ஐஸ் தட்டில் மேடத்தின் கைக்கு எட்டுகிற இடத்தில் தண்ணீர் இருக்கும். நிஜச் சரக்கு மாமாவின் பின்னால், இன்னொரு தட்டில். மேடம் பேசி முடித்துக் குப்பியை ஐஸில் வைத்ததும், எப்போதும்போல மாமாதான் அதை எடுத்துக் கருவிக்குள் ஊற்றுவார். அந்த ஒரு நொடியில் மாற்றிவிடலாம். தண்ணீரை அவர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் அடைகாத்துக்கொள்ளட்டும்.

அன்று குளிர் அறை நின்றுபோனால் பார்த்துக்கொள்ள என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் கருவிப் பையோடு சுவரோரமாக நின்றேன். கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஒல்லியாக, எதைக் காட்டினாலும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற ஆள். மேடம் ஆரம்பித்தார். ஐந்தாவது நிமிடத்தில் கை தானாகத் தட்டுக்குப் போனது, தண்ணீரை எடுத்துப் பொத்திக்கொண்டது. மாமா என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

நன்றாகத்தான் பேசினார். எனக்கே கொஞ்சம் புரிந்தது. மூளை செல்லின் கை வளரும்போது, நடுவிலிருந்தே எல்லாக் குழாயையும் கட்டி அனுப்பிக் கட்டுப்படியாகாது, அங்கங்கே பழைய குழாயின் பக்கத்திலேயே புதிது கிளம்ப வேண்டும், கிளம்பும்போது பழையது பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும் என்று நாற்பது நிமிடம் சொன்னார். பிறகு, இப்போது பாருங்கள் என்று குப்பியைத் தட்டை நோக்கிக் கொண்டுபோனார். மாமா கையை நீட்டினார். தலைவர் குறுக்கே விழுந்தார். ஒரு இடத்தில் இப்படித்தான் கண்ணெதிரே குப்பியை மாற்றி ஏமாற்றிவிட்டார்கள் என்றும், அதனால் மேடத்தின் கையில் இருக்கிற அதே குப்பியிலிருந்து, கீழே வைக்காமல், நேராகக் கருவியில் ஊற்றும்படியும் கேட்டுக்கொண்டார்.

மேடம் சந்தோஷமாகக் குப்பியை நீட்டினார். மாமா வாங்கவில்லை.

ஊற்றினால் கோடு படுக்கும். மேடத்தின் ஆராய்ச்சி போகும், மாமா வாசலுக்குப் போவார், கத்திக்காரர் சாகும்வரை முதுகைத்தான் காட்டுவார். ஊற்றாமல் உண்மையைச் சொன்னால் ஏமாற்றுக்காரன் என்ற பேரோடு இன்றைக்கே வெளியே போக வேண்டியதுதான். மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அதுல தண்ணிதான் இருக்கு மேடம். நான்தான் ஊத்தி வெச்சேன்."

கமிட்டியில் ஒருவர் பேனாவைத் திறந்தார். மேடத்தின் முகம் சிவந்தது. எதற்கு என்று அவர் கேட்கும் முன்பே, மாமா பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். ஒன்பது நாளாக அதை நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. இது குப்பியின் சூடு, இது மணி என்று மட்டும் சொன்னார். தலைவர் குனிந்து பார்த்து, இந்த மூன்று நேரமும் என்ன நடந்தது என்று கேட்டார். மாமா தரையைப் பார்த்தார். எவ்வளவு கேட்டும் அதை மட்டும் சொல்லவில்லை.

மேடம் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். மணியைப் படித்தார். தன் கையில் இன்னும் பொத்தியிருந்த குப்பியைப் பார்த்தார்.

"நான் பேசிக்கிட்டிருந்தேன்," என்றார், யாரையும் பார்க்காமல்.

பிறகு நிமிர்ந்து, ஏன் தன்னிடம் வந்து சொல்லவில்லை என்று மாமாவிடம் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா மேடம்?"

"மாட்டேன்," என்றார் அவர். "மூளை பழசுன்னுதான் திரும்பவும் சொல்லியிருப்பேன்."

இதற்குமேல் என்ன நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் தனி ஜாதி. தலைவருக்குக் குப்பி மாற்றியதெல்லாம் மறந்தே போயிற்று. ஒரே தயாரிப்பில் இரண்டு குப்பி எடுத்து, ஒன்றை ஐஸிலும் இன்னொன்றை மேடத்தின் கையிலும் வைத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். மேடத்துக்கும் கண் பளபளத்தது. என் பையிலிருந்து பட்டன்களை வாங்கி இரண்டிலும் ஒட்டினார்கள். கால் மணி கை, கொஞ்ச நேரம் ஐஸ், மறுபடி கை என்று மூன்று சுற்று. சும்மா பிடித்தால் சரிவராது, பேசிக்கொண்டே பிடிக்க வேண்டும் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டதால், மேடம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

கையில் இருந்தது படுத்தே கிடந்தது. ஐஸில் இருந்தது ஏறியது. அதன் மிச்சத்தில் மேடத்தின் புரதத்தை ஒரு சொட்டு சேர்த்ததும் இன்னும் சீக்கிரமாக, இன்னும் செங்குத்தாக ஏறியது. வருடக்கணக்காக அவர் துரத்திக்கொண்டிருந்தது திரையில் நின்றது. அவமானமெல்லாம் பறந்துபோக, மேடம் கோட்டைக் காட்டி விளக்க வாயைத் திறந்தார். கை தானாக ஐஸ் தட்டுக்குப் போனது. மாமா அவசரமில்லாமல் சிவப்புப் பொட்டுக் குப்பியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். மேடம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார். அந்த நிமிடம் மாமாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது எனக்கு. ஃப்ரீசரைக் குறை சொன்னதை அப்போதுதான் மன்னித்தேன்.

உதவி தொடர்ந்தது. தூள் வாங்கும் பேச்சும் போயிற்று. இரண்டு நாள் கழித்து மேடம் மாமாவைக் கூப்பிட்டு, வேலைப் பதிவில் நல்லபடியாக ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டார். மாமா, எனக்கு வேண்டாம் மேடம், கத்திக்காரருக்கு ஒரு லெட்டர் போட்டுவிடுங்கள் என்றார். மேடம் லெட்டர் போடவில்லை. அடுத்த முறை எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள் என்று கேட்டார்.

இதை நான் பார்க்காமல் விடுவேனா. நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். வெளிச்சம் வந்தும் வராத நேரம், ஈரத் தரை, கொக்கிகளில் தொங்கும் ஆடுகள். மேடம் கோட்டுப் பைகளுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, மேனேஜரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கத்திக்காரர் முன்னால் போய் நின்றார். நீட்டி முழக்காமல் பேசி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அவர் கொடுத்த சரக்கில் ஒரு குறையும் இருந்ததில்லை, கெடுத்தது தான்தான், எழுதியது தப்பு என்றார். கத்திக்காரர் ரொம்ப நேரம் கத்தியைத் துடைத்தார். மாமா பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

பிறகு கத்திக்காரர் உள்ளே போய், அன்றைய முதல் மூளையை ஒரு கீறல் இல்லாமல் எடுத்து வந்து, ஆவி பறக்க, இரண்டு கையிலும் ஏந்தி மேடத்தின் முன்னால் நீட்டினார்.

மேடம் பைக்குள்ளிருந்து கையை எடுக்கவே இல்லை.

"அவர்கிட்டயே குடுங்க," என்றார். "என் கை சூடு."